மூன்றாம் சரணம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த வருடத்திலிருந்து எங்கள் மெதடிஸ்ட் சபையில் பாட்டு நடத்துகிறவன் நான். நான்கு சரணப் பாட்டென்றால் "ஒண்ணு, ரெண்டு, கடைசி" என்று அறிவிப்பேன். யார் ஏற்படுத்திய வழக்கமோ, ஓஹையோ ஆற்றங்கரைச் சபைகள் எல்லாவற்றிலும் மூன்றாவதுக்கு இதே கதிதான். ஆராதனை நீண்டால் வீட்டு அடுப்பில் இறைச்சி கருகிவிடும், அதுதான் எங்கள் பக்தி.

லோவினா ப்ரூயிட் எங்கள் சபையின் விதவை, தையல்காரர். அவர் எழுதிய பாட்டு சின்சினாட்டியில் அச்சான பாட்டுப் புத்தகத்தில் ஏறி, ஊர் ஊராகக் கூடாரக் கூட்டங்களில் முழங்கியது. எங்களுக்கு ஒரே பெருமை. பத்து வருடம் நானும் அதை வாய் கிழியப் பாடவைத்தேன்.

ஒரு அக்டோபர் மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். தொண்டை அடைப்பானில் ஆறு வயதில் போன மகள் ஃபீபிக்காக எழுதியதாம் அந்தப் பாட்டு. மூச்சுக்குத் திணறிய பிள்ளை ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சியதும், தாய் குளிருக்குப் பயந்து திறக்காமலே இருந்துவிட்டதும் மூன்றாம் சரணத்தில்தான் இருந்தன. மற்ற மூன்றும் யாருக்கும் பொருந்தும். இப்போது அவருக்கே மார்பில் கட்டி. பனிக்காலம் தாண்டாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அதற்குள் சபையார் அந்தச் சரணத்தைப் பாடி ஒருமுறை கேட்க வேண்டும் என்றார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, சகோதரி."

"எம் புள்ளையப் பாடுங்கன்னு எந்த வாயால கேக்குறது ஓரின்? என்னைக்காவது நீங்களே பாடுவீங்கன்னு இருந்தேன். உங்களுக்குத்தான் அதுக்குள்ள பசி வந்துருதே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஞாயிறே நான்கையும் பாடுவோம் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு பிரசங்கியார் நோவாவின் பேழையில் ஏறி இறங்கவே மாட்டேன் என்றார். ஒருவழியாக முடிந்ததும் எழுந்தேன். மனதில் ஃபீபிதான் இருந்தாள், சத்தியம். பாழும் வாய் தன் பாட்டுக்கு "ஒண்ணு, ரெண்டு, கடைசி" என்றது.

இரண்டாவது முடியும்போதுதான் உறைத்தது. கையைத் தூக்கி நிறுத்தியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் தப்பை ஒத்துக்கொள்ள வெட்கம். இருநூறு பேர் கடைசிச் சரணத்தைப் பாடினார்கள். லோவினாவின் உதடுகள் மட்டும் வேறு சொற்களில் அசைந்தன. அவர் தனியாக மூன்றாவதைப் பாடிக்கொண்டிருந்தார். மெட்டு ஒன்றுதானே, யாரும் கவனிக்கவில்லை.

வாசலில் தலைகுனிந்து நின்றேன். அடுத்த வாரம் கண்டிப்பாக என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

அடுத்த ஞாயிறு நான்கையும் அறிவித்தேன். மூன்றாவதுக்கு வந்ததும் பாட்டு தேய்ந்து நின்றே போனது. ஒருவருக்கும் அது மனப்பாடமில்லை, புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அது தெரிந்த ஒரே ஆளை வெள்ளிக்கிழமைதான் அடக்கம் செய்திருந்தோம்.