பத்து நட்டும் சரி

ஓட்டுநர் பள்ளியின் முதலாளியை யாரும் முதலாளி என்று கூப்பிடக் கூடாது. பிரின்சிபால் என்றுதான் கூப்பிட வேண்டும், அது அவர் உத்தரவு. பள்ளி என்பது ஒரு தகரக் கொட்டகை, ஒரு மண் மைதானம், வயதை மறைக்க அடிக்கடி பெயிண்ட் பூசிக்கொள்ளும் ஒரு கிழட்டு லாரி, அவ்வளவுதான். ஆனாலும் பிரின்சிபாலுக்குக் கோட்டு இருந்தது. கோட்டுப் பையில் வரிசையாகப் பேனாக்கள் இருந்தன. எழுத ஒன்றும் இல்லாததால் எதிலும் மை குறையவில்லை. வாசல் பலகையில் 'பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்று எழுதியிருந்தது. மூச்சு என்ற சொல்லின் மேல் ஆணி அடித்துத்தான் பலகையை மாட்டியிருந்தார்கள்.

லாரி ஓட்டும் உரிமத்துக்கான தேர்வில் பாதி மதிப்பெண் ஓட்டுவதற்கு. மீதிப் பாதி, ஏறுவதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, நிலைமையைச் சொல்வதற்கு. இந்தச் சொல்லும் பகுதியைப் பிரின்சிபால் தானே ஒரு பாட்டாகக் கட்டி வைத்திருந்தார். "கண்ணாடி சரி, வைப்பர் சரி, விளக்கு ரெண்டும் சரி, முன் சக்கரம் காத்து சரி, பத்து நட்டும் சரி" என்று போகும். மாணவர்கள் தினமும் காலையில் லாரியைச் செக்குமாடு மாதிரி சுற்றி, தொட வேண்டியதைத் தொட்டு, ஒரே ராகத்தில் ஒப்பிப்பார்கள். சரி என்பதைத் தவிர அந்தப் பாட்டில் வேறு முடிவே கிடையாது.

ஒருநாள் ஒருவன் கேட்டுவிட்டான். "சார், ஏதாவது சரியில்லேன்னா என்ன சொல்லணும்?"

பிரின்சிபால் கோட்டைச் சரிசெய்துகொண்டார். "சரியில்லாத வண்டிய நான் வெச்சிருப்பேனா?"

"இல்ல சார், ஒரு பேச்சுக்கு."

"பேச்சுக்கெல்லாம் மார்க் கிடையாது. பாட்டுக்குத்தான் மார்க். பாடு."

கேட்டவன் மைக்கின் மச்சினன். மைக் என்பது பட்டப்பெயர். பெரிய சாமான் கடை ஒன்றில், 'வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்துக்கு' என்று தொடங்கி, தள்ளுபடி முதல் தொலைந்துபோன குழந்தை வரை எல்லாவற்றையும் ஒரே கனிவோடு அறிவித்துக்கொண்டிருந்தவர் அவர். கடை மூடும் செய்தியையும் அவரைத்தான் அறிவிக்கச் சொன்னார்கள். தன் வேலை போன சேதியைத் தானே கனிவாக வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அதே கடையில் மூட்டை தூக்கிய மச்சினனும் பின்னாலேயே வந்தான். அன்றிலிருந்து சலவைக் கூடத்தில் இஸ்திரி போடும் மனைவியின் சம்பளத்தில்தான் மூன்று வயிறும் நிறைந்தன. நிறைந்தன என்பது மரியாதைக்குச் சொல்வது.

சரக்கு நிறுவனம் ஒன்றில் இரண்டு டிரைவர் இடம் காலி இருந்தது. அங்கிருந்த மேற்பார்வையாளர் பிடிகொடுக்காமல் சொல்லியிருந்தார். "திங்கக்கிழமை லைசென்ஸோட வந்தா நீங்க ரெண்டு பேரு. இல்லேன்னா வரிசையில நிக்கிற வேற ரெண்டு பேரு." அதற்குள் நடக்கும் தேர்வு ஒன்றே ஒன்று. அதைத் தவறவிட்டால் அடுத்த தேர்வு எப்போது என்பது தேர்வு நடத்துகிறவர்களுக்கே தெரியாது.

தேர்வுக்கு முந்தின நாள் மாலை, வரப்போகும் இன்ஸ்பெக்டர் சுத்தம் பார்ப்பவர் என்று யாரோ பிரின்சிபால் காதில் ஓதிவிட்டார்கள். உடனே ஒரு பெயிண்டரும், வெள்ளி, சிவப்பு பெயிண்ட் டப்பாக்களும் வந்தாயிற்று. இன்ஸ்பெக்டர் டிரைவர் கதவுப் பக்கம்தான் நிற்பார் என்பதால் அந்தப் பக்கத்து முன் சக்கரத்துக்கு மட்டும் அலங்காரம். சக்கரத்தைக் கழற்றி உள்ளும் புறமும் வெள்ளி பூசினார்கள். நட்டுகளைச் சிவப்பு டப்பாவில் முக்கி எடுத்தார்கள். ஈரம் காய்வதற்குள் இருட்டிவிட்டது. மைக்தான் சக்கரத்தைத் தூக்கி மாட்டக் கைகொடுத்தார். மச்சினன் அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போயிருந்தான்.

பெயிண்டர் வீல் ஸ்பேனரை எடுத்ததும் பிரின்சிபால் பதறினார். "இப்ப முறுக்காதே. ஈரத்துல ஸ்பேனர் வெச்சா சிவப்பெல்லாம் உரிஞ்சிடும். கையால திருகி விடு. காலையில காஞ்சதும் இறுக்கிக்கலாம்."

காலையில் பிரின்சிபால் கோட்டுக்கு இஸ்திரி போடுவதில் மும்முரமாக இருந்தார். ஸ்பேனர் பெஞ்சுக்கு அடியில், மாலையில் போட்ட இடத்திலேயே கிடந்தது.

இன்ஸ்பெக்டர் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். வந்ததும் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். பிரின்சிபால் தன் பள்ளியின் பெருமையை எடுத்துச் சொல்ல ஆரம்பித்ததும், "முதல் ஆளு யாரு?" என்று அதை வெட்டினார். குரல் நன்றாக இருந்ததால் மைக்கைத்தான் முதலில் நிறுத்தியிருந்தார்கள். முதல் ஆள் கணீரென்று பாடினால் மற்றவர்களின் முனகல் அதில் மறைந்துவிடும் என்பது பிரின்சிபாலின் கணக்கு.

மைக் பாடத் தொடங்கினார். கண்ணாடி சரி. வைப்பர் சரி. விளக்கு ரெண்டும் சரி. முன் சக்கரத்தில் காத்து சரி. பிறகு சிவப்பு நட்டுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். நான்காவது நட்டு விரலோடு திரும்பியது.

அடுத்ததைத் தொட்டார். அதுவும் பாட்டில் மூடி மாதிரி சுழன்றது. கையெல்லாம், சட்டையின் கைப்பட்டியிலும்கூட, சிவப்பு ஒட்டியது.

பிரின்சிபால் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு புன்னகைத்தார். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மைதானத்தின் ஓரத்தில் வரிசையாக நின்றவர்களில் மச்சினன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். சொன்னால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் தேர்வு நிற்கும். திங்கட்கிழமை மட்டும் நிற்காமல் வந்துவிடும். சரியில்லை என்பதைச் சொல்ல அந்தப் பாட்டில் ஓர் அடியாவது இருந்திருந்தால் வாய் தானாகவே அதில் போயிருக்குமோ என்னவோ. இருந்தது ஒரே அடிதான். தள்ளுபடியை அறிவித்த அதே கனிவோடு மைக் அதைப் பாடினார்.

"பத்து நட்டும் சரி."

ஓட்டும்போது டிரைவர் பக்கத்திலிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்டியரிங் உள்ளங்கையில் நடுங்கியது. நடுங்குவது ஸ்டியரிங்கா தன் கையா என்று தெரியாததுபோல மைக் நடித்துக்கொண்டார். பக்கத்து சீட்டில் இன்ஸ்பெக்டர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் தனக்கே நடித்தார். நெருப்பை மடியில் கட்டிக்கொண்டவர் மாதிரி மெல்ல உருட்டிப்போய், திரும்பி வந்து நிறுத்தினார்.

"நிதானம் நல்லாருக்கு. பாஸ்," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு வரிசையைப் பார்த்துக் கை காட்டினார். "மத்தவங்க யாரும் வண்டிய சுத்த வேண்டாம். அதே வண்டிதானே, பாத்தாச்சு. அடுத்த ஆளு நேரா ஏறு."

அடுத்த ஆள் மச்சினன். மைக் கீழே இறங்கி அவனுக்கு வழி விட்டார்.

"மச்சான், மெதுவா போ."

"மெதுவா போனா மார்க்கும் மெதுவா போயிடும் மாமா." அவன் சிரித்துக்கொண்டே படியில் கால் வைத்தான். "நீங்க பாஸாயிட்டீங்கள்ல, அக்காவுக்கு முதல்ல சொல்லுங்க. பாவம், சாமி கும்பிடக்கூட நேரமில்லாம இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்கும்."

"இல்லடா, அந்த முன் சக்கரம்..."

"அங்க என்னப்பா குசுகுசுன்னு பேச்சு?" பிரின்சிபால் கோட்டு பறக்க ஓடிவந்தார். "தேர்வு நடக்கும்போது சொல்லிக் குடுத்தா ரெண்டு பேரையும் ஃபெயில் பண்ணிடுவாரு."

மைக் வாயை மூடிக்கொண்டார். லாரி வாசலைத் தாண்டி, பலகைக்குக் கீழே வளைந்து, சாலைச் சரிவில் இறங்கியது. அது கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் அவருக்கு வாய் திறந்தது.

"சார், காலையில நட்டு முறுக்கினீங்களா?"

பிரின்சிபாலின் முகம் ஒரு கணம் கோட்டு இல்லாத மனிதனின் முகமாக இருந்தது. பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். பிறகு பேனாக்களைத் தடவிக்கொண்டு பழையபடி ஆனார்.

"என்னை ஏன்பா கேக்கறே? இப்பத்தானே நீயே பத்தும் சரின்னு சொன்னே. நான் என் காதால கேட்டேன். இன்ஸ்பெக்டரும் கேட்டாரு."

சரிவுக்குக் கீழே இரும்பு நசுங்கும் சத்தம் கேட்டது. எல்லோரும் ஓடினார்கள். சாலையோரக் கற்சுவரில் லாரி முகத்தை வைத்துச் சாய்ந்து கிடந்தது. வெள்ளிச் சக்கரம் மட்டும் தனியாக இன்னும் கீழே உருண்டுபோய், ஒரு பூட்டிய கடையின் வாசலில் படுத்துப் பளபளத்துக்கொண்டிருந்தது. அலங்காரத்துக்கு ஒரு கீறல் இல்லை.

இன்ஸ்பெக்டருக்கு நெற்றியில் சிறு காயம், கறுப்புக் கண்ணாடி உடைந்துவிட்டது. மச்சினனின் காலை வெளியே எடுக்கக் கதவை வெட்ட வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே இருந்ததையும் வெட்டிவிட்டார்கள்.

மறுநாள் விசாரணை அதிகாரி ஆஸ்பத்திரி வராந்தாவுக்கே வந்தார். பிரின்சிபால் இரண்டு ஆப்பிளோடு வந்திருந்தார். நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டிய இன்ஸ்பெக்டர், வளைவில் பையன் வேகமாகத் திருப்பிவிட்டான் என்றார். பிரின்சிபால் அதற்குத் தலையாட்டி, இளம் ரத்தம் என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மைக்கின் மனைவி யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"என் தம்பி சரிவுல சைக்கிளயே இறங்கித் தள்ளிக்கிட்டுப் போறவன்."

அதிகாரி மைக்கின் பக்கம் திரும்பினார். "வண்டிய சோதிச்சது நீங்கதானே? சக்கரத்துல நட்டெல்லாம் எப்படி இருந்துச்சு?"

சரியில்லை என்று சொன்னால் பொய்யாகப் பாடி வாங்கிய பாஸ் போகும். பாஸ் போனால் வேலை போகும். மூன்று வயிறோடு இனி மருந்துச் செலவும் சேர்ந்து நிற்கிறது. போன கால் எப்படிச் சொன்னாலும் திரும்பி வரப்போவதில்லை. இப்படியெல்லாம் அவர் யோசித்ததாகப் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மையில் யோசிக்க நேரமே இருக்கவில்லை. கேள்வி முடிவதற்குள் குரல் தானாகவே வந்துவிட்டது. கணீரென்று, ராகம்கூடப் பிசகாமல்.

"பத்து நட்டும் சரி."

விசாரணை அத்தோடு முடிந்தது. வண்டி நல்ல வண்டி, பள்ளி நல்ல பள்ளி, ஓட்டியவன் மேல் தப்பு. பலகையைக்கூட யாரும் கழற்றவில்லை.

திங்கட்கிழமை மைக் வேலையில் சேர்ந்தார். முதல் வேலையாக ஸ்பேனரை எடுத்து, கொடுத்த லாரியின் எல்லாச் சக்கரத்திலும் எல்லா நட்டையும் உள்ளங்கைத் தோல் உரியும்வரை முறுக்கினார். மேற்பார்வையாளர் மற்ற டிரைவர்களைக் கூட்டி வந்து காட்டினார். "பாத்துக்குங்கய்யா. பள்ளிக்கூடத்துல ஒழுங்கா படிச்சவன்னா இப்படித்தான் இருப்பான்."

மச்சினனை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு மாலை, வேலை முடிந்து வந்த மைக் அவன் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மனைவி அந்தப் பக்கம் அவருடைய கம்பெனிச் சட்டைக்கு இஸ்திரி போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். மச்சினன் கூரையைப் பார்த்தபடியே பேசினான்.

"மாமா, வேகமா ஓட்டினேன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கே இப்ப அப்படித்தானோன்னு இருக்கு."

"இப்ப எதுக்கு அதெல்லாம்? தூங்குடா."

"ஒண்ணுதான் மாமா புரியல. நான் ஏறும்போது மெதுவா போன்னு சொன்னீங்களே. எதுக்குச் சொன்னீங்க?"

இஸ்திரிப் பெட்டி நின்றது.

"சும்மாதான்," என்றார் மைக். குரல் உடைந்து, ஏதோ பழுதான ஒலிபெருக்கியிலிருந்து வருவதுபோல வந்தது.

மனைவி தலையைத் தூக்கவில்லை. மடித்து முடித்த சட்டையைப் பிரித்தாள். அதன் கைப்பட்டியை வெளிச்சத்தில் பிடித்து, எத்தனை துவைத்தும் போகாத சிவப்புக் கறை ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பவள்போல வெகுநேரம் பார்த்தாள். புதுச் சட்டை அது, கறை ஒன்றும் இல்லை. கறைபட்ட பழைய சட்டையைத் தேர்வு நடந்த அன்றே அவர் தன் கையாலேயே துவைத்துக் காயப் போட்டிருந்தார். அதற்கு முன்னால் அந்த வீட்டில் அவர் ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைத்தது கிடையாது.