பாதி மிட்டாய்

சிட்டு உதைத்த உதையில் நர்ஸ் கையிலிருந்த ஊசித் தட்டு கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. ஆறு வயதுதான், ஆனால் பசி வந்தால் பத்தும் பறந்துவிடும் அல்லவா. காலையிலிருந்து வெறும் வயிறு. பத்து மணிக்கு மயக்கம் கொடுத்து எட்டுச் சொத்தைப் பற்களையும் பிடுங்கினால்தான் இதய டாக்டர் கத்தியையே கையில் எடுப்பார். பிறக்கும்போதே அவள் நெஞ்சுக்குள் ஓட்டை. சொத்தையிலிருக்கும் கிருமி ரத்தத்தில் இறங்கினால் அந்த இதயம் தாங்காது. காய்ச்சலால் ஒரு தேதி, படுக்கை இல்லையென்று ஒரு தேதி, இரண்டு ஏற்கெனவே கைநழுவிப் போயிருந்தன.

அழவிட்டால் நீலம் பாரிக்கும் என்று டாக்டர் என்றோ சொன்னதை அவள் அப்பா வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தான். வெல்டிங் பட்டறையில் காது கிழியக் கத்துகிறவன், வீட்டுக்குள் பூனை. புருஷன் பெண்டாட்டி சண்டைகூடக் கிசுகிசுப்பில்தான். சிட்டுவின் உதடு பிதுங்கினால் அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாய் அவள் வாய்க்குப் போய்விடும். எட்டுப் பற்களையும் தின்றது அந்தப் பாசம்தான்.

இப்போதும் அழுது அழுது உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. நர்ஸ் வேறு தட்டு எடுக்கவும், மனைவி கையெழுத்துப் போடவும் போயிருந்தார்கள். அவன் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. புத்தி வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

திரும்பி வந்த மனைவிக்கு வாசலிலேயே கடக்கென்று கடிபடும் சத்தம் கேட்டது. அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இரும்பு அலமாரியில் மோதினாள். மறுபடி மோதினாள். கன்னத்தில் நகம் ஆழமாக இறங்கியது. இருவர் வாயிலிருந்தும் சத்தமே வரவில்லை, ஆறு வருடப் பழக்கம்.

"வெளிய எடுங்க," என்று மூச்சுக்குள் சொன்னாள்.

முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, தாடையை அழுத்தி, இரண்டு விரலை உள்ளே விட்டான். சிட்டு கடித்தாள். சொத்தைப் பல்லுக்கு இத்தனை வலு இருக்குமென்று அவன் நினைக்கவில்லை. தோல் கிழிந்து ரத்தம் கொட்டிய விரல்களோடு பாதி மிட்டாய் வெளியே வந்தது. நீலம் வந்தால் செய்யச் சொல்லியிருந்தபடி, அம்மா அவள் முழங்கால்களை நெஞ்சோடு மடக்கிப் பிடித்துக்கொண்டாள். நீலம் மெல்லத்தான் வடிந்தது. விசும்பல் மட்டும் நிற்கவில்லை.

மயக்க டாக்டர் வந்தார். "காலைல எதுவும் குடுக்கலையே?"

"இல்ல சார்," என்றாள் மனைவி, அவனை முந்திக்கொண்டு. "பயத்துல அவங்கப்பா கையைக் கடிச்சிட்டா."

"சரி, கூட்டிட்டு வாங்க."

அவள் கண்ணாலேயே அவனைக் கெஞ்சினாள். மயக்கத்தில் வயிற்றிலிருப்பது மேலே வந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும், இந்தக் குழந்தைக்கு அப்புறம் மூச்சில்லை என்று அதே டாக்டர் நேற்றுச் சொல்லியிருந்தார். அவன் மூடிய கையைத் திறந்து நீட்டினான்.

"மீதி உள்ள போயிடுச்சு சார்."

மனைவி அவன்மேல் பாய்ந்தாள். "இன்னொரு தேதி எவன்யா குடுப்பான்? என் புள்ளையக் கொன்னுட்டியே."

வார்டு முழுக்க அதிர்ந்தது அந்த அலறல். பிறந்ததிலிருந்து அப்படியொரு குரலைக் கேட்டறியாத சிட்டு, சட்டென்று விசும்பலை நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள். வாய் திறந்தபடியே இருந்தது. கறுத்த எட்டுப் பற்களிலும் அப்பாவின் ரத்தம்.