தொண்ணூற்றாறு கன அடி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். முப்பத்தைந்து வருஷமாகத் துணி தைக்கிறேன். அளவு கொடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பவர்களிடம், "மூச்சை விடுங்க, தைக்கிறது உங்களுக்குத்தானே?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். அப்பேர்ப்பட்டவள் ஓர் அலுவலகத்தில் நாலு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன் என்றால், அது அண்ணனுக்காகத்தான்.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து நேராக ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான். அவனை என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அவனிடம் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

என் வீடு ஆற்றோரம். வெள்ளம் வரும் இடம் என்பதால் தரையை இரண்டடி தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். நாலு படி. சக்கர நாற்காலி ஏறாது. பின்பக்கத் தோட்டத்தில் மண்ணைக் கொட்டி, கதவு வரைக்கும் சரிவு அமைத்து, மேலே புல் பதித்தால் அழகாகவும் இருக்கும், நாற்காலியும் ஏறும். ஆற்றோரத்தில் மண் கொட்டக்கூட அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஒரு லாரி மண் போதும் என்று எழுதி விண்ணப்பித்தேன்.

பார்வையிட அங்கிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள். கையில் அளவுகோல், காலில் முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ்.

"அம்மா, வெளியிலேர்ந்து மண் கொண்டு வரக் கூடாது. ஆறு பெருகினா இந்தத் தோட்டத்துல இவ்வளவு தண்ணி நிக்கணும்னு கணக்கு இருக்கு. அந்த இடத்த நீங்க மண்ணால அடைச்சா, அந்தத் தண்ணி பக்கத்து வீட்டுக்குத்தானே போகும்?"

"அப்ப எங்கண்ணன் பறந்தா வருவான்?"

"எவ்வளவு மண் போடுறீங்களோ, அவ்வளவு மண்ண இதே தோட்டத்துல தோண்டி எடுக்கிறதா எழுதிக் குடுங்க. ஒண்ணுக்கு ஒண்ணு. அப்ப குடுக்கலாம்."

அளவு என்று வந்துவிட்டால் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சரிவு வேண்டுமாம். இரண்டடிக்கு இருபத்துநாலு. அகலம் நாலு. பெருக்கி, சரிவு என்பதால் அதில் பாதி எடுத்தால் தொண்ணூற்றாறு கன அடி. மூலையில் ஆறடிக்கு நாலடியாக, நாலடி ஆழத்துக்கு ஒரு குழி. துணியில் மிச்சம் விழாமல் வெட்டுவது போல வெட்டினேன். கூலிக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு நானும் கூடவே தோண்டினேன். இடுப்பு விட்டுப்போனது. அப்புறம்தான் இரண்டாம் தடவை விண்ணப்பித்தேன்.

தினமும் ஆறு மணிக்கு அண்ணனுக்குப் போன் போட்டு அன்றைய சண்டையைச் சொல்வேன். அதற்கு முன்னால் வருஷத்துக்கு இரண்டு தடவை பேசியிருந்தால் அதிகம். அவன் நாக்கு இன்னும் கொஞ்சம் குழறும். ஆனால் சிரிப்பு பழைய சிரிப்புதான்.

"அந்தப் பொண்ண அடிச்சிடாத பாப்பா, பாவம்."

"அடிக்கல. டீ போட்டுக் குடுத்தேன். குடிச்சிட்டு மறுபடியும் முடியாதுன்னுட்டா!"

ஆமாம், மறுபடியும் முடியாது என்றுதான் சொன்னாள். குழியை எட்டிப் பார்த்தாள். ஆற்றோரம் அல்லவா, பாதிக்கு மேல் ஊற்றுத் தண்ணீர் நின்றது.

"ஏற்கெனவே தண்ணி நிக்கிற குழியில வெள்ளம் எங்கம்மா போய் நிக்கும்? இது கணக்குல வராது. அதுவுமில்லாம, அனுமதி வாங்காம தோண்டவே கூடாது."

அளவு ஒரு விரற்கடை பிசகவில்லை, ஆனாலும் தப்பு. இத்தனை வருஷத்தில் என் கையால் இப்படி ஒரு தப்பு நடந்ததில்லை. குழியை மூடச் சொன்னாள், மூடினேன். தோட்டத்தை அகலமாக ஒரே ஓர் அடி ஆழத்துக்குச் சீவி எடுக்கலாம், அங்கே ஊற்று வராது என்று அவளே ஒரு காகிதத்தில் வரைந்தும் கொடுத்தாள். பன்னிரண்டுக்கு எட்டு. மூன்றாம் தடவை விண்ணப்பித்தேன்.

நாலாவது மாதம் அனுமதி வந்தது. முத்திரை, கையெழுத்து, எல்லாம் ஒழுங்காக. ஆறு மணி வரைக்கும் பொறுக்க முடியவில்லை. மதியமே போன் போட்டேன்.

"அண்ணே, கிடைச்சிடுச்சு! நாளைக்கே ஆள் வருது. ரெண்டு வாரத்துல நீ இங்க இருப்ப!"





"பாப்பா, நான் இங்கயே இருந்துக்குறேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எப்ப?"

"ரெண்டாவது மாசம்."

"அறிவிருக்கா உனக்கு? நான் இங்க நாயா அலைஞ்சுட்டிருக்கேன்!"

"என்னத் தூக்க இங்க ரெண்டு ஆளு வேணும் பாப்பா. நீ ஒருத்தி என்ன பண்ணுவ? நான் விழுந்தா நீயும் சேர்ந்துதான் விழணும்."

"அத முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நீ போன் பண்ணியிருக்க மாட்டியே."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பண்ணியிருக்க மாட்டேன்தான். எனக்கு அழுகை முட்டியது. அவன் வராததற்கா, அவன் சொன்னது உண்மை என்பதற்கா, தெரியவில்லை.

நாலு மாதம் தினமும் பேசியிருக்கிறேன். மண், குழி, அளவு, அந்தப் பெண், அவள் பூட்ஸ் வரைக்கும் சொல்லியிருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு நாள்கூட அவனைக் கேட்டதில்லை.

"எப்படிண்ணே இருக்க?" என்றேன்.

"பரவால்ல பாப்பா" என்றான்.

அதற்கு மேல் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. போனை வைக்கவும் இல்லை.