எழுபத்திரண்டு கிளாஸ்

திருநாவுக்கரசு வீட்டில் பீர் காய்ச்சுகிறான் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அவனுக்கு மூக்கு சிவந்துவிடும். பீர் என்பது கடையில் அட்டைப்பெட்டியில் அடுக்கி விற்கிற சாமான். அவன் செய்வது ஏல் என்கிற பழைய பாணி ஆங்கிலேயச் சரக்கு. அதுவும் பீப்பாய் ஏல். உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கும், வெளியிலிருந்து காஸ் ஏற்றக்கூடாது, ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது, இங்கிலாந்து நிலவறையில் இருப்பது போலப் பன்னிரண்டு டிகிரியில்தான் ஊற்ற வேண்டும். எப்சம் பகுதியிலுள்ள அவன் வீட்டுக்கு வருகிறவர் போகிறவர், பார்சல் கொண்டுவருகிறவர் வரைக்கும் இந்தப் பாடத்தைக் கேட்காதவர் கிடையாது. நிலவறை எதற்கு, இங்கே குளிர்காலமான ஜூலையில் இந்த வாடகை வீட்டு லாண்டரி அறையே பன்னிரண்டுக்கு மேல் ஏறாதே என்று அவன் மனைவி வைஷாலி ஒருமுறை சொன்னாள். அந்தக் கடன்காரன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

ஊரில் இருந்தவரை பிளாஸ்டிக் டம்ளரில் எதை ஊற்றிக் கொடுத்தாலும் கண்ணை மூடிக் குடித்த ஆள்தான். இங்கே வந்து, வீட்டில் காய்ச்சுகிறவர்களின் கிளப் ஒன்றில் சேர்ந்தான். இருபது பேர், இவனைத் தவிர எல்லாரும் வெள்ளைக்காரர்கள். தலைவர் டெரிக் என்ற ஓய்வுபெற்ற ஆங்கிலேயர். அவர் தலையசைத்தால் போதும், இவனுக்குப் பிறவிப்பயன் கிடைத்துவிடும். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவன் குடைக்குப் பதிலாகப் பீப்பாய் பிடித்தான். சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கிளப் முழுவதையும் வீட்டுக்கு அழைத்திருந்தான்.

பீப்பாயில் நாற்பது லிட்டர். பெரிய கிளாஸ் கணக்கில் எழுபத்திரண்டு. கராஜில் கிடந்த அதை லாண்டரிக்குக் கொண்டுவர ஒற்றை ஆளால் ஆகாது. வியாழக்கிழமை வேலை முடிந்து நகரத்தின் தென்கோடியிலுள்ள பாபகூராவிலிருந்து நண்பன் கீதன் வந்தான். பீப்பாய் படுக்க ஒரு மரச்சட்டம் வேண்டும் என்று கேட்டதற்கு, வேலைசெய்கிற மரக்கடையில் பலகை எடுத்து, இழைத்து, உருளாமல் இருக்க ஆப்பும் வெட்டி எடுத்து வந்திருந்தான். இருவரும் தூக்கினார்கள். முக்கால் பாரம் கீதன் பக்கம்தான் இருந்தது. திருநாவுக்கரசு பாரத்தைவிட அதிகமாக ஆணையிட்டான்.

கீதனும் அவன் மனைவி அபிதாவும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். சொந்தமில்லை, பந்தமில்லை. வைஷாலிக்கு மகள் பிறந்தபோது ஊரிலிருந்து யாருக்கும் விசா கிடைக்கவில்லை. அபிதாதான் ரயிலும் பஸ்ஸும் மாறி வந்து நாற்பது நாளும் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டாள். இந்தத் தேசத்தில் வைஷாலிக்குத் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு வீடுதான் இருந்தது.

பீப்பாயைப் படுக்கவைத்ததும் திருநாவுக்கரசு மேல் துளையில் பீப்பாய் மூச்சுவிட ஒரு மரமுளையை அடித்தான், முகப்பில் குழாயை அடித்தான். கீதன் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி கேட்டான்.

“சனிக்கிழமை எத்தினை மணிக்கு அண்ணை?”

“அது வந்து... அன்னைக்கு கிளப் ஆளுங்க மட்டும்தான் கீதா. கொஞ்சம் டெக்னிக்கலா பேசுவாங்க.”

“ஓம், ஓம். அது சரி,” என்றான் கீதன். வைஷாலி கதவருகே நின்றிருந்தாள். அவன் டீகூடக் குடிக்காமல் கிளம்பினான்.

“இவன் வந்தா ஏலுக்கு ஐஸ் கட்டி கேப்பான்,” என்றான் திருநாவுக்கரசு, கார் சத்தம் தேய்ந்ததும். “டெரிக் முன்னாடி என் மானம் போயிடும்.”

அடுத்த இரண்டு நாளும் வீட்டில் பீப்பாய் ராஜாங்கம். வண்டல் அடியில் படிய வேண்டுமாம், அதிரக்கூடாதாம். வாஷிங் மெஷின் ஓடக்கூடாது. முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிற வைஷாலி, யூனிஃபார்மைக் குளிக்கிற தொட்டியில் கசக்கிப் பிழிந்தாள். மகள் கூடத்தில் குதித்தால் “ஷ்ஷ்!” என்று ஓடிவந்தான், என்னவோ உள்ளே யாரோ பிரசவித்துப் படுத்திருப்பது போல. சனிக்கிழமை காலையில் அவள் எண்ணெய்ச் சட்டியை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டான்.

“கடுகு தாளிக்காத. அந்த வாசனை ஏலோட வாசனையைக் கெடுத்துடும்.”

“அப்போ வர்றவங்களுக்கு என்ன?”

“சீஸ் வாங்கிட்டேன்.”

தன் வீட்டு அடுப்பைத் தானே கேவலமாக நினைக்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது? அவள் சட்டியை டக்கென்று வைத்தாள்.

இருபது பேரில் ஆறு பேர் வந்தார்கள். மழை என்று சிலர் செய்தி அனுப்பினார்கள், ரக்பி என்று சிலர். வந்த ஆறு பேரும் கார் ஓட்ட வேண்டும் என்று ஆளுக்கு ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொண்டார்கள். டெரிக் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தார், மோந்தார், ஒரு வாய் குடித்தார். “இன்ட்ரஸ்டிங்,” என்றார். அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு திருநாவுக்கரசு பூரித்துப்போய் உள்ளே ஓடினான். டெரிக் பின்வாசலுக்கு வந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மிச்சத்தை வைஷாலியின் கறிவேப்பிலைத் தொட்டியில் கவிழ்த்தார். ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மூன்று மணிக்கெல்லாம் வீடு காலி.

குழாயைத் திறந்து ஊற்ற ஊற்ற, போன ஏலின் இடத்தில் பீப்பாய்க்குள் காற்று புகும். அப்புறம் இரண்டே நாள். திங்கட்கிழமை புளித்துவிடும். ஞாயிறு மத்தியானம் திருநாவுக்கரசு லாண்டரிக்குள் போய்ப் பீப்பாயைத் தட்டிப் பார்த்தான், வெளியே வந்தான், மறுபடி போனான்.

“அறுபது கிளாஸுக்கு மேல இருக்கு. நீ அபிதாவுக்கு ஒரு போன் போடேன். அவங்க ஃப்ரண்ட்ஸையும் கூட்டிட்டு வரட்டும்.”

வைஷாலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “பந்தி முடிஞ்சு இலை எடுத்த பிறகு கூப்பிடறதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு? நான் போட மாட்டேன். நீங்களும் போடாதீங்க. தயவுசெஞ்சு போடாதீங்க.”

“குடுக்கறதுகூடத் தப்பா?” என்றவன், ஸ்பீக்கரில் கீதனை அழைத்தேவிட்டான்.

“கீதா, சரக்கு ஏகப்பட்டது மிஞ்சிப்போச்சுடா. நாளைக்குப் புளிச்சிடும். நாலு பேரைக் கூட்டிட்டு வாயேன், முடிச்சிடலாம்.”



“இல்லை அண்ணை,” என்றான் கீதன். “நாங்கள் சாப்பிட்டிட்டம்.”

ஐந்து வருஷத்தில் அந்த வீட்டுச் சாப்பாட்டைக் கீதன் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. எந்தப் பேச்சு முடிந்தாலும் “குடுங்கோ, பிள்ளையோட கதைக்கவேணும்” என்று அபிதா போனைப் பிடுங்குவாள். இன்றைக்கு யாரும் பிடுங்கவில்லை. லைன் போய்விட்டது.

“பாத்தியா?” என்றான் திருநாவுக்கரசு. “கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.”

“அந்தக் கற்பூரத்தைத்தான் உங்க டெரிக் என் கறிவேப்பிலைத் தொட்டியில ஊத்திட்டுப் போனாரு.”

அவன் முகம் சுண்டைக்காயாகச் சுருங்கியது. பார்க்க அவளுக்கு இரக்கம் வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. “பாப்பாவப் பாத்துக்கோங்க,” என்று கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மோட்டர்வே முழுக்க அவனை வாய்விட்டே திட்டிக்கொண்டு போனாள். வெட்கங்கெட்ட ஜென்மம், வெள்ளைத்தோலுக்கு வால் ஆட்டுகிற ஜென்மம், தூக்க ஒரு ஆள், குடிக்க ஒரு ஆள்! திட்டத் திட்ட மனசு லேசானது. அபிதாவிடமும் இப்படியே கொட்டிவிட்டால் இருவரும் சேர்ந்து சிரித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

அபிதா கதவைத் திறந்தாள். வாங்கோ என்று சொல்லவில்லை. வைஷாலியின் கைகளைப் பார்த்தாள்.

“என்ன, மிச்சத்தைக் குடுத்து விட்டவரோ?”

“வெறுங்கையோடதான் வந்தேன்க்கா. அந்த மனுஷன் இருக்காரே, அவருக்கு மானம், சூடு, சொரணை...”

“இவர் அந்தப் பாரத்தைத் தூக்கிப்போட்டு வந்து, ரெண்டு நாள் இடுப்பு நாரி நோவுக்குத் தைலம் பூசிக்கொண்டு கிடந்தவர்.”

“அய்யோ, எனக்குத் தெரியாதுக்கா. அவருதான் கிளப் ஆளுங்க மட்டும்னு...”

“ஓம், சொன்னவர். எத்தினை மணிக்கு எண்டு இவர் வாய்விட்டுக் கேக்கேக்க சொன்னவர்.” அபிதா கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. “நீரும் அங்கதானே நிண்டனீர்?”

வைஷாலிக்கு வியாழக்கிழமை லாண்டரிக் கதவருகே நின்றதும், கீதனின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்ததும், கிளப்காரர்கள் வரும்போது கூடத்தில் நம்மாள் ஒருவன் இல்லாமல் இருந்தால் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், தனக்கும் தோன்றியதும் நினைவுக்கு வந்தன.

“ஆமாக்கா,” என்றாள். “நின்னேன்.”

 அபிதா கதவை விட்டுவிட்டு உள்ளே நடந்தாள்.

“வாரும். சோறு ஆறிப்போச்சு,” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.