கட்டைவிரலும் சுண்டுவிரலும்

என் அக்காவுக்கு வடமொழி தண்ணீர் பட்ட பாடு. ஆனால் வீணைத் தந்தியைத் தொடச் சொன்னால் ஓடிவிடுவாள். எனக்கு வீணை வரும், வடமொழி சுட்டுப்போட்டாலும் வராது. தந்தியை மீட்டும் விதங்களுக்குத் தனித்தனிப் பெயர் சொல்லும் பழைய நாடக நூல் ஒன்றை அவள் படித்துச் சொல்ல, நான் வாசித்துப் பார்த்தேன். வருஷக்கணக்காக மல்லுக்கட்டிய பிறகு, பல்கலைக்கழக அரங்கில் அவள் விளக்கிச் சொல்ல, நான் வாசித்துக் காட்டக் கூப்பிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கார் கதவில் என் வலது சுண்டுவிரல் நசுங்கியது. கட்டுப் பிரித்தும் மடங்கவில்லை.

நூலில் 'புஷ்பம்' என்று ஒரு மீட்டு. கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒரே தந்தியில் ஒரே நேரத்தில் பட வேண்டும். மற்றதையெல்லாம் ஒப்பேற்றிவிட்டேன். இது மட்டும் மொட்டையாகக் கேட்டது.

"வேற யாரையாவது வாசிக்க வைப்போம்டி" என்றாள் அக்கா.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "விரல் தேய வாசிச்சது நான். மேடையிலயும் நான்தான்."

"அப்ப புஷ்பத்தை விட்டுடு."

"விடமாட்டேன். மோதிர விரலால அடிக்கிறேன்."

"நூல்ல இல்லாததை நான் மேடையில சொல்லமாட்டேன்."

இடது கைக்கும் வழியில்லை. அது வீணைத் தண்டின் மெட்டுக்கட்டையில் தந்தியை அழுத்தி ஸ்வரம் பிடிக்க வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த வரியை மறுபடி படி" என்றேன்.

"கட்டைவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்து, ஒரே தந்தியில."

"ஒரே ஆளோட விரல்னு போட்டிருக்கா?"

அக்கா கண்ணாடியை மாட்டினாள். முன்பக்கம் புரட்டினாள், பின்பக்கம் புரட்டினாள், உரையையும் பார்த்தாள்.

"போடல" என்றாள்.

"சரி, இனிமே சுண்டுவிரல் நகத்தை வெட்டாத."

அவளை வலப்பக்கம் உட்கார வைத்தேன். அவள் விரல் எப்போதும் ஒரு கணம் பிந்தியே வந்தது. கொப்புளம் வந்தது, கெஞ்சினாள், திட்டினாள். நான் மசியவில்லை. என் மூச்சைப் பார்த்து அடிக்கப் பழகிய பிறகுதான் இரண்டு விரலும் ஒன்றாக விழுந்தன.

அரங்கிலும் அப்படியே விழுந்தன. "இன்னொரு தடவை" என்று பின்வரிசையிலிருந்து கேட்டார்கள். நான் தலையாட்டும் முன்பே அக்காவின் விரல் தந்திமேல் இருந்தது.

இப்போது வேறு ஊரிலிருந்தும் அழைப்பு வந்திருக்கிறது. "புஷ்பத்துக்கு நான் வரணும்ல?" என்று காலையிலிருந்து நகத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

என் விரல் போன வாரமே மடங்கிவிட்டது. அவளிடம் சொல்வதாக இல்லை.