திறந்த வாய் தந்த வாக்கு

'கீ...ய்ய்ங்ங்!'

சன்னலுக்கு நேர் கீழே ஒலிபெருக்கி வீறிட்ட வீறலில், நாற்காலியில் மல்லாந்து கிடந்த வக்கீல் திடுக்கிட்டு வாயை மூடினார். வாய்க்குள் பல் டாக்டரின் ஆள்காட்டி விரல் இருந்தது.

வேறு சமயமாக இருந்தால் டாக்டர் தெருவுக்கே கேட்கும்படி அலறியிருப்பார். கடித்தவர் வாக்காளர் என்பதால் புன்னகை செய்தார்.

"பரவாயில்லை சார். கடைவாய்ப் பல்லெல்லாம் நல்லா உறுதியா இருக்கு" என்றார், விரலை உதறிக்கொண்டே.

கீழே வேனிலிருந்து அவருடைய மச்சினனின் குரல் முழங்கியது. "சொத்தைச் சேர்ப்பவர் வேண்டுமா? சொத்தையை எடுப்பவர் வேண்டுமா? சிந்திப்பீர்! உங்கள் பல்லுக்கும் சொல்லுக்கும் காவலன், நமது டாக்டர்!"

டாக்டர் மறுபடி குனிந்து, ஒரு கையில் கண்ணாடிக் குச்சியும் மறு கையில் துளைக்கும் கருவியுமாக, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"உங்க ஓட்டு எனக்குத்தானே சார்?"

"ஆ" என்றார் வக்கீல்.

டாக்டரின் மனம் குளிர்ந்தது. இன்னொன்று!

மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் அந்தத் தொகுதியில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் நின்றார்கள். கல்லை விட்டெறிந்தால் ஒரு வேட்பாளர் மேல் விழும். அவர் குனிந்துகொண்டால் பின்னால் நிற்கும் இன்னொரு வேட்பாளர் மேல் விழும். இந்த முறை வாக்குச்சீட்டை இரவில் போர்த்திக்கொண்டே தூங்கலாம் என்று பத்திரிகைகள் கேலி எழுதின. அந்தப் போர்வையின் ஏதோ ஒரு மூலையில் பல் டாக்டரின் பெயரும் இடம்பெறவிருந்தது.

இத்தனைக்கும் அரசியல் காற்று அவர் பக்கம் வீசியதே இல்லை. எல்லாம் ஒரு விளையாட்டுப் பேச்சில் ஆரம்பித்தது. பல்லின் வேரைச் சுத்தம் செய்துகொள்ள வந்த மளிகைக்கடைக்காரரிடம், பொழுது போகாமல், "பேசாம நானே தேர்தல்ல நின்னா என்னங்க? ஓட்டுப் போடுவீங்களா?" என்று கேட்டார். "ஆ" என்றார் மளிகைக்கடைக்காரர். அடுத்து வந்த தையற்காரரும் "ஆ" என்றார். அதற்கடுத்து வந்த ஆசிரியை கண்ணில் நீர் ததும்ப, "ஆ... ஆ..." என்று இரண்டு முறை சொன்னார். அந்தக் கண்ணீரைப் பார்த்து டாக்டர் நெகிழ்ந்தே போனார். தன்மேல் இவ்வளவு பிரியமா!

மச்சினன் வீட்டுமனைத் தரகர். மனைகள் விற்கவில்லை என்பதால் மூன்று வேளையும் அக்கா வீட்டில்தான் கை நனைத்துக்கொண்டிருந்தார். "மாமா, ஊரே ஆமாங்குது. இதுக்கப்புறமும் நீங்க நிக்கலேன்னா அது ஜனங்களுக்குச் செய்யற துரோகம்" என்று அடித்துச் சொல்லி, தேர்தல் பொறுப்பு முழுவதையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். வேன் வந்தது, ஒலிபெருக்கி வந்தது, டாக்டரின் பல் தெரியும் சுவரொட்டி வந்தது. நோயாளிகள் வருவது மட்டும் நின்றுபோனது.

வக்கீலின் பல்லை அடைத்து, வாயைக் கொப்புளிக்கச் சொல்லிவிட்டு டாக்டர் கையுறையைக் கழற்றும்போது மனைவி எட்டிப் பார்த்தாள். வரவேற்பு மேசையும் கணக்கும் அவள் பொறுப்பு.

"என்னங்க, ஒரு நிமிஷம் வெளிய வந்து பாருங்க."

காத்திருப்போர் அறையில் நாற்காலிகள் சுவரோரமாகக் கைகட்டி நின்றன. பழைய வார இதழ்கள் கசங்காமல் கிடந்தன. மூலையில் மீன்தொட்டி.

"எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லையே."

"மீனை விட்டுட்டீங்களே."

"ஏய், வேலை நேரத்துல கிண்டலா?"

"வேலை எங்க இருக்கு? எல்லாரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் புதுசா வந்திருக்கிற டாக்டர்கிட்ட போறாங்க. எதிர்வீட்டம்மா நேத்து கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நம்ம வாசலைத் தாண்டித்தான் போனாங்க. 'ஏங்க இங்க வரலை'ன்னு கேட்டேன். 'பல்லைப் பிடுங்கிக்கட்டும்மா, தரேன். வாக்கையும் சேர்த்துல்ல பிடுங்கறாரு'ன்னுட்டுப் போறாங்க."

டாக்டர் தொட்டிக்குள் இருந்த மீனைப் பார்த்தார். அதுவும் வாயைத் திறந்து திறந்து மூடியது. அவருக்கென்னவோ அது ஆதரவாகவே பட்டது.

"இன்னிக்கு மூணு மணியோட வாபஸ் வாங்கற நேரம் முடியுது" என்றாள் மனைவி. "சட்டசபை நாற்காலிக்கு ஆசைப்பட்டு, சோறு போடற நாற்காலியை இழந்துடாதீங்க. இன்னும் ஒரு மாசம் இப்படியே போச்சுன்னா கிளினிக்கை இழுத்து மூட வேண்டியதுதான்."

"அத்தனை பேர் எனக்கு வாக்குக் குடுத்திருக்காங்க. அவங்களை நடுத்தெருவுல விடச் சொல்றியா?"

"அப்படியா? உள்ள வக்கீல் இருக்காரே, அவரைக் கேளுங்க. கொப்புளிச்சு முடிச்ச பிறகு கேளுங்க."

அதற்குள் மச்சினன் படியேறி வந்துவிட்டார். ஒலிபெருக்கியில் கத்திக் கத்தி, சாதாரணமாகப் பேசும்போதும் ஊருக்கே அறிவிப்பதுபோலத்தான் பேசினார். "கேளுங்க மாமா! அக்காவுக்கே காதுல விழட்டும்! உங்க வாக்கு வங்கியோட பலம் தெரியட்டும்!"

வக்கீல் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊசி போட்ட பக்கத்து உதடு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், சும்மா ஒரு உறுதிக்குக் கேக்கறேன்" என்றார் டாக்டர். "உங்க ஓட்டு எனக்குத்தானே?"

வக்கீல் சன்னலைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். தன் செருப்பைப் பார்த்தார். "அன்னிக்கு வெளியூர்ல ஒரு வழக்கு இருக்கும்னு நினைக்கிறேன் டாக்டர்."

"இப்பத்தானே 'ஆ'ன்னீங்க?"

"வேற எதைச் சொல்றது?" வக்கீல் நீதிமன்றத்தில் நிற்பதுபோல நிமிர்ந்துகொண்டார். "'இல்லை'ன்னு சொல்ல நாக்கு வேணும். 'மாட்டேன்'னு சொல்ல உதடு வேணும். ரெண்டையும் நீங்கதானே மரத்துப்போக வச்சிருக்கீங்க? மிச்சம் இருந்தது தொண்டை ஒண்ணுதான். அதுல 'ஆ'தான் வரும்."

வக்கீல் துண்டை மடித்து நாற்காலியின் கைமேல் போட்டார்.

"எதிராளி கையில துளைக்கிற கருவி இருக்கும்போது குடுத்த வாக்கு எந்தச் சட்டத்துலயும் செல்லாது டாக்டர். தப்பா எடுத்துக்காதீங்க. கை உங்களுக்கு ரொம்ப நல்ல கை. அதை எங்க வாயில வைங்க. ஓட்டுப் பெட்டியில வைக்காதீங்க."

அவர் இறங்கிப் போனதும் டாக்டர் நோயாளி நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். மளிகைக்கடைக்காரர், தையற்காரர், ஆசிரியை என்று அத்தனை 'ஆ'க்களும் வரிசையாக வந்து கண்முன் நின்றன. ஆசிரியையின் கண்ணீருக்கும் இப்போது அர்த்தம் புரிந்தது. பாவம், அன்றைக்கு ஊசி சரியாக ஏறவில்லை போலிருக்கிறது.

"சரி, வாபஸ் வாங்கிடறேன்" என்றார் மெல்ல.

மனைவி கைப்பையை எடுக்கப் போனாள். மச்சினன் குறுக்கே பாய்ந்தார். "இருங்க மாமா! சும்மா விலகினா பயந்து ஓடிட்டாருன்னு பேசுவாங்க. பெரிய ஆள் யாருக்காவது ஆதரவு தெரிவிச்சு விலகணும். அப்பத்தான் கௌரவம்."

கௌரவம் என்ற சொல்லுக்கு டாக்டரின் முதுகு தானாக நிமிர்ந்தது. மச்சினன் ஆளுங்கட்சி வேட்பாளரின் வீட்டுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

"பல் டாக்டர் தன்னோட மொத்த ஆதரவையும் உங்களுக்குத் தர முடிவு பண்ணியிருக்காருங்க!"

"எந்தப் பல் டாக்டர்?"

"வேட்பாளருங்க. உங்களை எதிர்த்து நிக்கறாரே!"

"அப்படியா?" என்றது குரல். பின்னால் யாரையோ கேட்டது. "டேய், பல் டாக்டர் ஒருத்தர் நிக்கறாராமே, தெரியுமா?" தெரியாது என்று இரண்டு மூன்று குரல்கள் கேட்டன. "சரிங்க, ரொம்ப சந்தோஷம். அவரை நல்லா நிக்கச் சொல்லுங்க" என்று போன் வைக்கப்பட்டது.

அடுத்து எதிர்க்கட்சி வேட்பாளர். அவரே எடுத்தார். விவரத்தைக் கேட்டுக்கொண்டார்.

"தம்பி, உங்க மாமா எனக்கு ஏதாவது நல்லது செய்யணும்னு நெஜமா நினைக்கிறாரா?"

"ஆமாங்க ஐயா!"

"அப்ப அந்த ஆதரவை ஆளுங்கட்சிக்காரனுக்குக் குடுக்கச் சொல்லுங்க. அவன் எப்படித் தேர்றான்னு பார்ப்போம்."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது, அழுகையில்லை.

தேர்தல் அலுவலக வாசலில் திருவிழாக் கூட்டம். விலகுவதற்கும் வரிசை நின்றது. முன்னால் நின்றவருக்கு மாலை போட்டு, மேளம் அடித்து, "தியாகச் செம்மல் வாழ்க!" என்று இருபது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். தேர்தலுக்குத் தேர்தல் நின்று, தேர்தலுக்குத் தேர்தல் விலகுபவர் அவர். 'வாபஸ் அண்ணன்' என்றால் எல்லோருக்கும் தெரியும். மாலைக்கு நடுவிலிருந்து டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"முதல் தடவையா?"

"ஆமாங்க" என்றார் டாக்டர் கூச்சத்துடன்.

"அப்படித்தான் இருக்கும். போகப்போகப் பழகிடும். ஆனா இப்படி ஆள் அம்பு இல்லாம வெறுங்கையோட வரக்கூடாது தம்பி. நிக்கறதுக்கு யாரும் கூட வரலேன்னாலும் பரவாயில்லை. விலகறதுக்குக் கூட்டம் வேணும். அடுத்த தடவை முன்னாலயே சொல்லுங்க, நம்ம பசங்களை அனுப்பறேன்."

மச்சினன் அந்த யோசனையை உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டது டாக்டருக்குப் பிடிக்கவில்லை. "நீ போய் வேன்ல இருக்கிற ஒலிபெருக்கியைக் கழட்டு" என்று விரட்டினார்.

அவர்கள் முறை வந்தபோது கடிகாரத்தின் முள் மூன்றை நெருங்கியிருந்தது. தேர்தல் அதிகாரி கைக்குட்டையால் கன்னத்தை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னம் பன் ரொட்டிபோல வீங்கியிருந்தது. டாக்டரைக் கண்டதும் அவர் எழுந்தேவிட்டார்.

"வாபஸா? வாபஸ்தானே?"

"ஆமாங்க, ஆனா கடைசியா ஒரு தடவை யோசிக்கலாம்னு..."

"யோசிக்காதீங்க டாக்டர்!" அதிகாரியின் குரல் கெஞ்சியது. "நீங்க வேட்பாளரா இருக்கிற வரைக்கும் நான் உங்ககிட்ட வாயைத் திறக்க முடியாது. திறந்தா ஒருதலைப்பட்சம்னு அடுத்த நிமிஷமே புகார் போயிடும். பாலத்துக்கு அந்தப் பக்கம் போனேன். பிடுங்கினான், ஆனா வலிச்ச பல்லு இல்லை. அதுக்குப் பக்கத்துப் பல்லை. நாள் கணக்கா உயிர் போகுது. இங்க ஒரு கையெழுத்து. இதோ இங்க!"

பேனாவை எடுத்து டாக்டரின் விரல்களுக்கிடையில் அவரே சொருகினார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். அதிகாரி படார் என்று முத்திரை குத்தினார்.

"நான் இப்ப வேட்பாளர் இல்லைதானே?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லவே இல்லை."

"அப்ப வாயைத் திறங்க."

தொகுதியின் தேர்தல் அதிகாரி, அலுவலக நாற்காலியில் தலையைச் சாய்த்து, சுவரில் மாட்டியிருந்த விதிமுறைகளுக்கு நேர் எதிரே வாயைத் திறந்தார். டாக்டர் கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு, யாரிடமும் எதையும் கேட்காமல், பல்லை மட்டும் பார்த்தார். "சீழ் கட்டியிருக்கு. நல்லவேளை, காப்பாத்திடலாம். பிடுங்க வேண்டாம்."

வரிசையில் ஒரு சலசலப்பு. முத்திரை வாங்கி முடித்திருந்த வாபஸ் அண்ணன் மாலையை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "டாக்டர், எனக்கும் சூடா எதைக் குடிச்சாலும் சுருக்குனு இழுக்குது. இனிமே ஓட்டுக் கேக்க மாட்டீங்கல்ல?" அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் கன்னத்தைத் தடவினார்கள். மனைவி கைப்பையைத் திறந்து, நேரம் குறித்துக் கொடுக்கும் சீட்டுக் கட்டை எடுத்தாள். எங்கே போனாலும் அதை எடுத்துக்கொண்டுதான் போவாள். அலுவலக மேசையின் ஓரத்திலேயே எழுதிக் கிழித்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

வெளியே வந்து படி இறங்கும்போது டாக்டருக்கு உடம்பு லேசாக இருந்தது. ஆனாலும் உள்ளே ஏதோ ஒரு நெருடல். பல்லில் சிக்கிக்கொண்ட நார்போல. கடைசிப் படியில் நின்றார்.

"கிளினிக்குக்காகத்தானே என்னை விலகச் சொன்னே?"

"பாதி அதுக்குத்தான்."

"மீதி?"

தெருவுக்கு அந்தப் பக்கம் மச்சினன் வேன் கூரைமேல் ஏறி நின்று, ஒலிபெருக்கியின் ஒயரைத் தோளில் சுற்றிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவளும் சிரித்துக் கையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னாள்.

"நம்ம வீட்ல மூணு ஓட்டுங்க; எண்ணி முடிச்சு உங்களுக்கு ரெண்டுதான் விழுந்திருக்குன்னா, நாளைக்கு உங்க முன்னால அவனுக்கு நான் எந்த முகத்தோட சோறு போடுவேன்?"