படத்துக்கு வெளியே இருந்த கை

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த ஸ்டூடியோவில் ஸுமைரா கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலை பார்த்தாள். பிறந்ததிலிருந்தே அவளுடைய இடது கை விரல்கள் உள்ளே மடங்கித்தான் இருக்கும். எதையும் இறுக்கிப் பிடிக்க வராது. வேலைக்கு அது ஒரு குறையாக இருந்ததில்லை, வலது கையே இரண்டு கை வேலையையும் பார்த்துக்கொள்ளும். ஆனாலும் நாலு பேர் கூடுகிற இடத்தில் அந்தக் கை அபாயாவின் மடிப்புக்குள் போய்விடும். அதைப் படம் எடுக்க யாரையும் விட்டதில்லை.

ஸ்டூடியோ வேலை முடிந்தால் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. கண்டி டவுனில் போன் கடையொன்றில் நிற்கும் ஜனகனும் அவளும் சேர்ந்து 'பொத்தான்' என்று இணையத்தில் ஒரு வீடியோ சனல் நடத்தினார்கள். கொம்பியூட்டர் வகுப்பில் பழக்கமானவர்கள். புதிதாக வரும் வீடியோ கேம்களையும் அவற்றை விளையாடும் கொன்சோல்களையும் தமிழில் அலசுவார்கள். கமராவுக்கு முன்னால் ஜனகன் பேசுவான். எழுதுவது, விளையாடிக் காட்டுவது, வெட்டி ஒட்டுவது எல்லாம் ஸுமைரா. நல்லதை நல்லதென்றும் குப்பையைக் குப்பையென்றும் சொல்வார்கள் என்று அந்தச் சனலுக்கு மலைநாட்டிலும் வெளியிலும் ஒரு பெயர் இருந்தது.

லூமா என்ற கொன்சோல்தான் அவளை இந்தப் பைத்தியத்துக்குள் இழுத்துவிட்டது. அதில் எந்தப் பொத்தானின் வேலையையும் எந்தப் பொத்தானுக்கும் மாற்றிக் கொடுக்கலாம். அவள் எல்லாவற்றையும் வலப்பக்கத்துக்கு இழுத்து வைத்துக்கொண்டு, கன்ட்ரோலரை மடியில் சாய்த்து, இரண்டு கையும் உள்ளவர்களைக் கார்ப் பந்தயத்தில் மண் கவ்வ வைத்தாள். எங்கோ தூர தேசத்தில் யாரோ ஒருவர் தன்னை நினைத்துக்கொண்டே அதைச் செய்தார் என்று அவளுக்குள் ஒரு பிரியம். அதனால் அதே கம்பனியின் 'லூமா ட்வின்' வருகிறது என்றதும் பெருநாளுக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தாள். கடைக்கு வருமுன்னே, விமர்சனத்துக்கென்று கொழும்பு இறக்குமதிக்காரர் ஒன்றை அனுப்பிவைத்தார்.

பெட்டியைப் பிரித்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

புதிய கன்ட்ரோலர் காந்தத்தால் ஒட்டிய இரண்டு துண்டு. பிய்த்துக் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, ஈரத்துணியைப் பிழிவதுபோல எதிரெதிராக முறுக்க வேண்டும். முறுக்கினால் சுற்றிலும் நீல வெளிச்சம் ஓடும். கேம் தொடங்குவதற்கே அப்படி முறுக்க வேண்டும், கதவு திறக்க முறுக்கு, காரைத் திருப்ப முறுக்கு. பொத்தான்கள் பேருக்கு இரண்டே இரண்டு. செட்டிங்ஸ் முழுவதையும் துழாவிப் பார்த்தாள். அந்த முறுக்கை நிறுத்த வழியே வைக்கவில்லை.

ஜனகன் சாயங்காலம் முழுக்க விளையாடிப் பார்த்துவிட்டு, மணிக்கட்டைத் தேய்த்தபடி அதைக் கதிரையில் போட்டான்.

"என்ன கருமம் இது, ஸுமைரா? கடையில வச்சி அஞ்சு நிமிஷம் காட்டுறதுக்குச் சரி. வீட்டுல விளையாட ஏலாது. வித்தை காட்டுறதுக்காகவே செஞ்சிருக்கானுங்க."

"உங்களுக்குக் கை வலிக்குது. எனக்குக் கதவே திறக்குதில்லையே" என்றாள் அவள். சிரிக்கத்தான் பார்த்தாள், வரவில்லை.

ஜனகன் கொஞ்சம் யோசித்தான். "இத நாம கம்பனிக்குக் காட்டணும். நீங்க பிடிக்கப் பாக்குறத எடுத்து அனுப்புவோம். சனல்ல போடுறதுக்கில்ல, அவங்களுக்கு மட்டும். கண்ணால பார்த்தாத்தான் புத்தி வரும்."

அவள் தயங்கினாள். பிறகு, ஜனகன்தானே என்று கையை மடிப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். கமரா ஓடியது. ஒரு துண்டு அவள் விரல்களிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்தது. திரையில் 'இரண்டு கைகளாலும் முறுக்கவும்' என்ற எழுத்து அசையாமல் நின்றது. கடைசியில் ஜனகன் விளையாட்டாக, "இருங்க, இது ஆள மாத்தினா கண்டுபிடிக்குதா பார்ப்போம்" என்று அவள் பக்கத்தில் வந்து இடத் துண்டைத் தானே பிடித்துக்கொண்டான். அவள் வலது கையால் முறுக்க, அவன் மறுபக்கம் முறுக்கினான். கேம் திறந்தது. கார் ஓடியது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த வாரம் முழுவதும் இருந்து ஸுமைரா விமர்சனத்தை எழுதினாள். கோபமாக எழுதவில்லை. கை நடுங்குகிறவர்கள், வயதானவர்கள், பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு விளையாடுகிறவர்கள் எல்லோரையும் ஒரு வெளிச்ச வளையத்துக்காக வெளியே தள்ளியிருக்கிறார்கள் என்று எழுதினாள். முன்பு எல்லோரையும் உள்ளே விட்ட அதே கம்பனி என்பதால்தான் மனம் ஆறவில்லை என்றும் எழுதினாள். ஜனகன் அதை அப்படியே கமரா முன்னால் பேசினான். "இத நானே சனல்ல ஏத்துறேன், தலைப்புப் படம் மட்டும் செய்யணும்" என்று எல்லா ஃபைலையும் கொப்பி எடுத்துக்கொண்டு போனான்.

மடவளையில் இருந்த வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் அந்த வீடியோவைப் பார்த்தாள். முதலில் சனல் மாறிப் பார்க்கிறோமோ என்று நினைத்தாள். ஜனகன் புதுச் சட்டையில், வேறொரு அறையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவள் எழுதிய ஒரு வரியும் அதில் இல்லை. "முறுக்குறது கஷ்டம்னு சிலர் சொல்றாங்க. என்னோட கூட்டாளியப் பாருங்க" என்றான். அடுத்து வந்தது அவளுடைய கை.

மடங்கிய விரல்களைத் திரை நிறையக் காட்டினான். அதன் பக்கத்தில் அரைகுறையாகத் தெரிந்த கன்ட்ரோலர். கார் ஓடியது. அவள் சிரிப்பு கேட்டது. "ஒரு கை வேலை செய்யாதவங்களே இவ்வளவு சந்தோஷமா விளையாடுறாங்க. உங்களால ஏலாதா?"

ஜனகனுடைய கை இருந்த இடப்பக்கத்தை அப்படியே வெட்டிவிட்டிருந்தான். படம் வெட்டுவதே தொழிலாக இருப்பவளுக்கு அந்த விளிம்பு கத்தி பட்ட இடம்போலத் தெரிந்தது. இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதும் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் உம்மா ஏற்கெனவே பார்த்திருந்தார். பக்கத்து வீட்டு மஸாஹிரா கொண்டுவந்து காட்டினாளாம். "நீதான் விருப்பப்பட்டுக் காட்டினியா மகள்?" என்று மட்டும் கேட்டார். அவள் கையை அபாயாவின் மடிப்புக்குள் விட்டுக்கொண்டு அறைக்குள் போனாள்.

அடுத்த நாள் நேராகக் கண்டிக்குப் போய் ஜனகனுடைய கடை வாசலில் நின்றாள். அவன் அவளைக் கண்டதும் வெளியே வந்து, பக்கத்தில் இருந்த குறுகலான ஒழுங்கைக்குள் கூட்டிப்போனான்.

"கோவிக்காதீங்க. கொழும்பு இறக்குமதிக்காரர் எனக்கு அங்கேயே வேலை தாறாராம், என்னையே விளம்பர முகமாப் போட்டுக் கூட்டம் எல்லாம் நடத்தப் போறாங்க. இந்தப் போன் கடையிலேயே கிழவனாகச் சொல்றீங்களா? உங்களுக்கும் ஒரு வேலை கேட்டிருக்கேன்."

"என்ட கைய வித்திட்டு எனக்கே வேலையா?"

"நான் என்ன பொய் சொன்னேன்? நீங்க பிடிச்சீங்க, கார் ஓடிச்சு, சிரிச்சீங்க."

"உங்கட கை எங்க, ஜனகன்?"

அவன் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கடைக்குள்ளிருந்து யாரோ கூப்பிட, "அப்புறம் பேசுவோம்" என்று போய்விட்டான். ஏழெட்டு வருடமாக அவன் வாயில் தன் சொற்களை ஊட்டிவிட்டவள் அவள். ஒழுங்கையில் அவன் பேசிய எதிலும் அவளுடைய சொல் ஒன்றுகூட இல்லை.

லூமா ட்வின் கடைகளுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு பின்னேரம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, வீடியோவின் கீழே வந்திருந்த கருத்துகளைப் படித்தாள். பாராட்டுகளுக்கு நடுவில் மடுல்கெல்லயிலிருந்து நிஷாந்தினி என்று ஒருத்தி கேட்டிருந்தாள்: "அந்த அக்கா இடது துண்ட எப்படிப் பிடிக்கிறாங்கன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்." மூன்று தடவை கேட்டிருந்தாள். யாரும் பதில் போடவில்லை. ஸுமைரா தன் நம்பரை அவளுக்கு அனுப்பினாள். உடனே அழைப்பு வந்தது.

நிஷாந்தினி தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிப்பவள். முன்பு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது மெஷினில் மாட்டி இடது கை விரல்கள் போய்விட்டன. "உங்க வீடியோவப் பார்த்துட்டுத்தான் அண்ணன்கிட்ட கேட்டேன், அக்கா. வாங்கி அனுப்பிட்டான். முழங்காலுக்கு நடுவுல வச்சிப் பார்த்தேன், துணியால கட்டிப் பார்த்தேன். வரவே மாட்டேங்குது. உங்களுக்கு வருதே, எனக்குத்தான் பழக்கம் பத்தலன்னு நினைச்சிக்கிட்டு இருக்கேன்."

ஸுமைரா திரையில் ஓடிக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தினாள். "உங்கள்ல பிழை இல்ல, நிஷாந்தினி. எனக்கும் வராது. அந்தப் பக்கத்த முறுக்கினது வேற ஆள்."

"அப்ப ஏன்கா சிரிச்சீங்க?" என்றாள் நிஷாந்தினி.

திருப்பிக் கொடுக்கக் கேட்டால், பெட்டி திறந்ததை எடுக்க மாட்டேன் என்றுவிட்டாராம் கடைக்காரர். அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையாம். "பரவால்லக்கா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அதற்கு அவள் திட்டியிருந்தாலே தேவலை என்றிருந்தது ஸுமைராவுக்கு.

வெட்டாத ஃபைல் ஸ்டூடியோ கொம்பியூட்டரில் இருந்தது. ஜனகன் சனலின் பாஸ்வேர்டை மாற்றியிருந்ததால், ஸுமைரா தன் பெயரிலேயே புதிதாக ஒரு பக்கம் திறந்தாள். துண்டு வழுக்கி விழுந்ததிலிருந்து, ஜனகன் வந்து பிடித்தது வரைக்கும், ஒரு இடத்தையும் வெட்டாமல் போட்டாள். கையை மறைக்கவில்லை. "இதில் இடத் துண்டை முறுக்கும் கை என்னுடையதல்ல. இந்தச் சாமானை என்னால் விளையாட முடியாது" என்று மட்டும் கீழே எழுதினாள்.

கொஞ்சம் பேர்தான் பார்த்தார்கள். அதிலும் பாதிப்பேர், கூட்டாளி முன்னேறுவது பொறுக்காத பொறாமை என்றார்கள். மற்றவர்கள் அதை ஆளுக்காள் அனுப்பிக்கொண்டார்கள். வாரக் கடைசியில் பார்த்தபோது 'பொத்தான்' சனலில் ஜனகனின் வீடியோ இல்லை. தவறு என்று ஒரு வார்த்தை கிடையாது, இருந்த தடமே இல்லை. அதை நம்பி வாங்கியவர்களுக்கு யார் சொல்வது?

மழை தூறிய ஒரு நாள், தன் மைக்கை எடுத்துப்போக ஜனகன் ஸ்டூடியோவுக்கு வந்தான். கொழும்பு வேலை கிடைக்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"அழிச்சிட்டேன். இப்ப சரிதானே?" என்றான்.

"ஏன் அழிச்சீங்கன்னு சொன்னீங்களா?"

"அத எப்படிங்க சொல்றது?"

ஸுமைரா மைக்கை எடுத்து, வயரை ஒற்றைக் கையாலேயே சுற்றி, மேசையில் வைத்தாள். பக்கத்தில் நிஷாந்தினியின் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதி வைத்தாள்.

"உங்கட வீடியோவ நம்பி வாங்கினவங்க, இவங்களுக்கும் ஒரு கைதான். இவங்களுக்கு மட்டுமாவது எடுத்துச் சொல்லுங்க."

அவன் மைக்கை எடுத்துக்கொண்டான். காகிதத்தைப் பார்த்தான், எடுக்கவில்லை. படியிறங்கும் சத்தம் கேட்டு முடியும்வரை அவள் திரும்பவில்லை. பிறகு பாதியில் நின்ற கல்யாண வீடியோவைத் திறந்து, மாப்பிள்ளையின் சிரிப்பு வரும் இடத்தில் அப்படியே நிறுத்திவிட்டு, படத்துக்கு வெளியே யார் நின்று அவனைச் சிரிக்க வைத்தார்கள் என்று அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.